சமையற்கட்டுக் கேள்வி பதில்: ஆளியைச் சுவைக்கப் பழகுதல்

கேள்வி: மீன், நண்டு, இறால், கணவாய் என்று கடலில் கிடைக்கும் எதையும் விரும்பிச் சமைத்துச் சாப்பிடுபவள் நான். என் மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருக்கிறார்கள். சென்ற முறை போயிருந்தபோது, ஆய்ஸ்டருக்கென்றே நடத்தப்படும் ஓர் உணவகத்துக்கு ஆசையோடு அழைத்துப் போனார்கள். ஐஸ் பரப்பிய தட்டில் பன்னிரண்டு சிப்பிகள் வந்தன. ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர் சொன்னார்கள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஒன்றை அப்படியே விழுங்கினேன். உப்புத் தண்ணீரையும் வழவழப்பையும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அடுத்ததை எடுக்க மனமும் வரவில்லை. மகளின் முகம் வாடிவிட்டது. கல்லூரியில் படிக்கும் பேரனோ, “ஆயா, இது இனிக்குது, அதுல வெள்ளரிக்கா வாசம் வருது” என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டான். வரும் டிசம்பரில் மறுபடியும் போகிறேன். அவனுக்குத் தெரிந்த வேறுபாடு எனக்கும் தெரிய வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. இந்த வயதில் பழக முடியுமா? (ஒரு வாசகி, தேவகோட்டை)

பதில்: முடியும், ஆச்சி. அதற்கு வேண்டிய நாக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எந்த ஊருணித் தண்ணீர் குடிக்க நல்லது, எதில் பருப்பு மலர வேகும், எந்தக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைத்தாலே உவர்க்கும் என்பதையெல்லாம், குடம் எடுத்துப் போய் வந்த செட்டிநாட்டுத் தலைமுறைக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆளியைச் சுவைப்பதும் ஏறக்குறைய அதே வேலைதான், ஏனென்றால் அது வளர்ந்த தண்ணீர்தான் அதன் சுவையாக நம் வாய்க்கு வந்து சேர்கிறது. (தூத்துக்குடிப் பக்கம் ஆளி என்று சொல்லப்படும் உண்ணும் சிப்பியைத்தான் ஆங்கிலத்தில் ஆய்ஸ்டர் என்கிறார்கள், இந்தப் பகுதி முழுவதும் அந்தப் பெயரையே பயன்படுத்துகிறேன்.)

மீன் நீந்துகிறது, நண்டு ஊர்கிறது, இறால் இடம் மாறுகிறது. ஆளி மட்டும் குஞ்சுப் பருவத்தில் சில வாரங்கள் நீரில் மிதந்துவிட்டு, பிடித்தமான ஒரு கல்லிலோ பழைய ஓட்டிலோ தன் ஓட்டின் ஒரு பாதியைச் சுண்ணாம்பு வைத்துப் பூசியதுபோல் ஒட்டிக்கொண்டு, இயற்கையில் வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்துவிடுகிறது. உணவைத் தேடிப் போக முடியாததால், தன்னைக் கடந்து செல்லும் தண்ணீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்பாசிகளை வடிகட்டித் தின்கிறது. நன்கு வளர்ந்த ஓர் ஆளி, சூழ்நிலை சாதகமாக இருந்தால் ஒரே நாளில் 190 லிட்டர் வரை தண்ணீரை வடிகட்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியிருக்க, ஆறு வந்து கலக்கும் கழிமுகத்தில் வளர்ந்தது உப்புக் குறைவாகவும், திறந்த கடலை ஒட்டி வளர்ந்தது உப்புத் தூக்கலாகவும் இருப்பதில் வியப்பில்லை. உணவகத்தில் உங்களுக்குச் சொன்ன பெயர்களில் பெரும்பாலானவை வளைகுடாக்களின், கழிகளின் பெயர்களாகத்தான் இருந்திருக்கும். இன்ன ஊருணித் தண்ணீர் என்று நாம் சொல்வதுபோல அவர்கள் இன்ன கழியின் ஆளி என்கிறார்கள்.

இனத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் வளர்த்து விற்கப்படுபவை பெரும்பாலும் ஐந்தே இனங்கள். சியாட்டில் பக்கம் மிகுதியாகக் கிடைப்பது பசிபிக் ஆளி. அது ஜப்பானியக் கடலுக்குரியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்து கொண்டுவரப்பட்டது. ஓட்டின் விளிம்பு மடிப்பு மடிப்பாகப் பாவாடைச் சுருக்கம் போல் இருக்கும். உங்கள் பேரன் சொன்ன வெள்ளரி வாசம் அநேகமாக இதனுடையதுதான். வெள்ளரிப்பிஞ்சையும் முலாம்பழத் தோலை ஒட்டிய வெண்பகுதியையும் நினைவுபடுத்தும். குமாமோட்டோ என்பது அதே பெயருள்ள ஜப்பானியப் பகுதியிலிருந்து 1940களில் அமெரிக்காவுக்கு வந்தது. உருவில் சிறியது, ஓடு கிண்ணம் போல் ஆழமானது, உப்புக் குறைந்து இனிப்புத் தெரிவது. இளநீர் வழுக்கையின் மென்மையான இனிப்பை அதற்கு ஒப்பிடலாம். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குரிய வர்ஜினிகா இனம் கடித்தால் சற்று நறுக்கென்று இருக்கும். முதலில் உப்பு நன்றாகத் தாக்கும், இனிப்பு பின்னால் வரும். கனடாவின் குளிர்ந்த நீரிலிருந்து மெக்சிகோ வளைகுடாவின் வெதுவெதுப்பான நீர் வரை ஒரே இனமாகப் பரவியிருந்தும், வடக்கில் வளர்ந்தது ஒரு சுவை, தெற்கில் வளர்ந்தது முற்றிலும் வேறு சுவை. தண்ணீர்தான் சுவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சியாட்டிலின் மண்ணுக்கே உரியது ஒலிம்பியா என்ற சின்னஞ்சிறு ஆளி. ஓடே இரண்டு அங்குலத்தைத் தாண்டுவது அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் தேவைக்காக அளவின்றி அள்ளப்பட்டு ஏறத்தாழ இல்லாமலே போய், இப்போது மெல்ல மீட்கப்பட்டு வருகிறது. இதன் சுவையைச் செம்புச் சுவை என்பார்கள். செம்புக் குடத்தில் இரவெல்லாம் இருந்த தண்ணீரைக் காலையில் குடித்துப் பழகிய நமக்கு அதை விளக்கவே வேண்டாம். ஐந்தாவதான ஐரோப்பியத் தட்டை ஆளியில் அதே செம்புச் சுவை இன்னும் அழுத்தமாக, துவர்ப்போடு கலந்து, விழுங்கிய பிறகும் நெடுநேரம் நிற்கும். பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் பெலோன் ஆற்றங்கரையில் வளர்வது அதில் பெயர் பெற்றது. பழகாதவர்கள் இதில் தொடங்கினால் ஆளியின் பக்கமே திரும்ப மாட்டார்கள்.

சென்ற முறை உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போனதற்குக் காரணம், நீங்கள் அதை விழுங்கியதுதான். அப்படியே விழுங்கிவிட வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது தவறான அறிவுரை. நுங்கை மெல்லாமல் விழுங்கினால் என்ன தெரியும்? வழவழப்பு மட்டும்தான் தெரியும். கடித்து, உள்ளிருக்கும் நீர் வாயில் பரவும்போதுதான் நுங்கு நுங்காகிறது. ஆளியையும் நான்கைந்து முறை மெல்ல வேண்டும். முதலில் ஓட்டிலுள்ள நீரை ஒரு வாய் உறிஞ்சினால் உப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். பிறகு சதையை மென்றால் நடுப்பகுதியில் இனிப்பு எழும். குளிர்காலத்துக்காக ஆளி தன் உடலில் சேர்த்து வைக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தும் சதையிலுள்ள அமினோ அமிலங்களும் அந்த இனிப்புக்குக் காரணம். டிசம்பரில் போகிறீர்கள் என்பதால் நல்ல பருவத்தில்தான் போகிறீர்கள். கடைசியில், விழுங்கிய பின் நாக்கில் நிற்பது துவர்ப்பா, செம்பா, வெள்ளரியா என்று சற்றுப் பொறுத்துப் பாருங்கள். எலுமிச்சையை முதல் ஆளிக்குப் பிழியாதீர்கள். புளிப்பு ஏறினால் பன்னிரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பன்னிரண்டை ஒரே நாளில் வரவழைக்காதீர்கள். முதல் நாள் வேகவைத்ததைச் சாப்பிடுங்கள். நான் சிங்கப்பூரில் பணியாற்றிய ஆண்டுகளில், உணவங்காடிகளில் சீனர்கள் வார்க்கும் ஓ லுவாக் என்ற ஆளி முட்டைப் பொரியல்தான் என் தயக்கத்தைப் போக்கியது. சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவைக் கரைத்து ஊற்றி, முட்டையை உடைத்துவிட்டு, சின்ன ஆளிகளைத் தூவி, விளிம்பு மொறுமொறுவென்று வரும்வரை கல்லில் முறுகவிட்டு, மிளகாய்ச் சாந்தோடு தருவார்கள். அதில் ஆளியின் வாசம் நாக்குக்குப் பழகிய பிறகு, பல ஆண்டுகள் கழித்து சிட்னியில் அந்த ஊருக்குரிய ராக் ஆளியைப் பச்சையாகச் சுவைத்தபோது எனக்கு அது அந்நியமாகப் படவில்லை. இரண்டாம் நாள் உங்கள் மகள் குமாமோட்டோவில் இரண்டும், பசிபிக் இனத்திலேயே ஹூட் கால்வாயில் வளர்ந்தது ஒன்றும் வில்லாபா விரிகுடாவில் வளர்ந்தது ஒன்றும் வாங்கி வைக்கட்டும். பின்னிரண்டும் இனத்தால் ஒன்று, தண்ணீரால் வேறு. அடுத்தடுத்து மென்று பார்த்து, உங்களுக்கும் பேரனுக்கும் ஒரே கருத்து வருகிறதா என்று பேசிக்கொள்ளுங்கள். ஒலிம்பியாவைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பச்சையாகச் சாப்பிடும் முன் அடுத்த பதிலைத் தவறாமல் வாசியுங்கள். உங்கள் உடல்நிலை பற்றிக் கடிதத்தில் குறிப்பு இல்லை.

கேள்வி: எனக்கு 68 வயது, சர்க்கரை நோய் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போகும்போது பச்சை ஆளி சாப்பிடலாமா? எலுமிச்சையும் மிளகாய்ச் சாறும் கிருமியைக் கொன்றுவிடும் என்கிறார்களே? (ஒரு வாசகர், புதுவயல்)

பதில்: ஐயா, தாங்கள் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். எலுமிச்சைச் சாறோ மிளகாயோ வினிகரோ மதுவோ ஆளிக்குள் இருக்கும் கிருமிகளைக் கொல்வதில்லை. தண்ணீரை வடிகட்டும் உயிர், பாசியோடு அந்தத் தண்ணீரிலுள்ள பாக்டீரியாவையும் வைரஸையும் சேர்த்தே தனக்குள் வைத்துக்கொள்கிறது. வெதுவெதுப்பான கடல்நீரில் இயல்பாகவே வாழும் விப்ரியோ வல்னிபிகஸ் என்ற பாக்டீரியா, நலமாக இருப்பவர்களைப் பெரும்பாலும் பாதிப்பதில்லை. ஆனால் கல்லீரல் நோய், சர்க்கரை நோய் உள்ளவர்களிடமும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களிடமும் இரத்தத்தில் கலந்து, தொற்றுக்கு ஆளாகும் ஐந்து பேரில் ஏறத்தாழ ஒருவரின் உயிரைப் பறிக்கிறது. கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் பச்சை ஆளியைத் தவிர்க்க வேண்டும். பார்வையாலோ மணத்தாலோ இந்தக் கிருமியைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால், புதிதாகத்தானே இருக்கிறது என்ற சமாதானம் இங்கே உதவாது.

நலமாக இருப்பவர்களும், எந்த நீர்நிலையில் எந்த நாளில் எடுக்கப்பட்டது என்று கேட்டுவிட்டே பச்சையாகச் சாப்பிட வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு மூட்டையிலும் அந்த விவரம் எழுதிய அட்டை இருக்கும். அதை விற்பவர் 90 நாள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. கேட்டால் காட்டுவார்கள், கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. நன்கு வேகவைத்த ஆளியைத் தாங்கள் தாராளமாகச் சாப்பிடலாம். துத்தநாகச் சத்து இவ்வளவு மிகுதியாக உள்ள உணவு வேறில்லை.

கேள்வி: ஆங்கில மாதப் பெயரில் ‘ஆர்’ எழுத்து இல்லாத மே முதல் ஆகஸ்ட் வரை ஆளி சாப்பிடக் கூடாது என்பது உண்மையா? (ஒரு வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: குளிர்ந்த நாடுகளில், குளிர்பதன வசதி இல்லாத காலத்தில் அது நல்ல விதி. கோடையில் ஆளி இனப்பெருக்கம் செய்யும்; சேர்த்து வைத்த இனிப்பெல்லாம் சினையாக மாறி, சதை பால்போலக் குழைந்து, வாய்க்குச் சுவைக்காது. கிருமிகள் பெருகுவதும் அப்போதுதான். இப்போது சினை பிடிக்காத வகைகளை வளர்த்து ஆண்டு முழுவதும் விற்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பருவங்கள் தலைகீழாக இருப்பதால் அங்கே அந்த எழுத்துக் கணக்குப் பொருந்தாது. எல்லா மாதமும் கடல் வெதுவெதுப்பாக இருக்கும் நம் கரைக்கும் பொருந்தாது.

கேள்வி: ஆளியோடு மது அருந்தினால்தான் சுவை என்கிறார் உடன் பணிபுரியும் நண்பர். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. (ஒரு வாசகர், கோட்டையூர்)

பதில்: தேவையில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆளியோடு வைக்கும் மின்யொனெட் என்ற சாற்றைத் தாங்களே வீட்டில் செய்துகொள்ளலாம்: நம் சின்ன வெங்காயத்தின் உறவினமான ஷாலட்டைப் பொடியாக நறுக்கி, கொரகொரப்பாக இடித்த மிளகைச் சேர்த்து, வினிகரில் ஊறவைப்பதுதான் அது. சின்ன வெங்காயமும் மிளகும் இல்லாமல் செட்டிநாட்டுச் சமையலே இல்லை. கடல் கடந்து போனாலும் அந்த இணை நம்மைத் தேடி வருவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஓர் ஆளிக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டு ஒன்றை இடையிடையே கடித்துக்கொண்டால், முந்தைய ஆளியின் உப்பு அடங்கி அடுத்ததற்கு நாக்கு தயாராகும்.

கேள்வி: தூத்துக்குடியில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன், ஈரச் சாக்கில் சுற்றி இரண்டு டஜன் ஆளிகளைக் கொண்டுவருவதாகச் சொல்கிறான். காரைக்குடிச் சந்தைக்குத் தொண்டியிலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் வரும் மீனோடு இதை நாங்கள் பார்த்ததில்லை. முத்துச் சிப்பியும் இதுவும் ஒன்றா? எங்கள் கைப்பக்குவத்தில் எப்படிச் சமைப்பது? (ஒரு வாசகி, காரைக்குடி)

பதில்: இரண்டும் வேறு. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தலுக்குப் பெயர் பெற்ற முத்துச் சிப்பி, நார் போன்ற இழைகளால் பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டில் பற்றிக்கொண்டிருக்கும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டு நடந்தது. உண்ணும் ஆளியோ ஓட்டையே கல்லோடு ஒட்டவைத்துக்கொள்வது. கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் வாழ்வது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் தூத்துக்குடியில் இதை வளர்க்கும் முறையை உருவாக்கியது. பிறகு கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் அது பரவி, அங்குள்ள மக்களுக்குத் தொழிலாக அமைந்தது.

வளர்ப்பு முறையில் ஒரு செய்தியை நம் ஊர் வாசகர்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆளிக் குஞ்சு ஒட்டுவதற்குச் சுண்ணாம்பு என்றால் விருப்பம் அதிகம். ஆகவே தூத்துக்குடியில் தொடக்க காலத்தில் கூரை ஓடுகளுக்குச் சுண்ணாம்பு பூசித் தண்ணீரில் அடுக்கினார்கள். பிரான்சின் அர்க்காஷோன் வளைகுடாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இதே வேலையைச் செய்துவருகிறார்கள். கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்போடு கடுக்காய்ச் சாறும் பனைவெல்லமும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த நம் வீட்டுச் சுவர்களை, கை வைத்தால் வழுக்கும் அந்தப் பளபளப்பை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இனி அடுப்படிக்கு வருவோம். நம் கரை ஆளியைப் பச்சையாகச் சாப்பிடும் எண்ணமே வேண்டாம். கழிவுநீர் கலக்கும் வாய்ப்புள்ள வெப்பமான நீரில் வளர்ந்தது அது. வந்தவுடன் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஓடு இறுக மூடியிருக்க வேண்டும். சற்றுத் திறந்திருந்தால் விரலால் தட்டுங்கள், உயிரோடு இருப்பது மூடிக்கொள்ளும், மூடாததை எறிந்துவிடுங்கள். உடனே சமைக்காவிட்டால் ஈரத்துணி போர்த்தி, குழிந்த ஓடு கீழே இருக்கும்படி குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நல்ல தண்ணீரில் ஊறப் போட்டால் செத்துவிடும். சமைக்கும் முன் தேங்காய் நாரால் சேறு போகத் தேய்த்துக் கழுவுங்கள்.

கத்தியால் திறக்க முயன்று கையைக் கிழித்துக்கொள்ள வேண்டாம். அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் நன்றாகக் கொதித்தபின், குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி இட்டு மூடுங்கள். ஓடு திறந்த பிறகும் மேலும் ஐந்து நிமிடம் கொதிக்க வேண்டும். அதற்குப் பின்னும் திறக்காதவை வேண்டாம். சதையை எடுத்துத் தனியே வைத்து, வெந்த நீரை மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். மணல் அடியில் தங்கிவிடும்.

மசாலாவில் கை அடங்கியிருக்க வேண்டும். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் ஆட்டுக்கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கல்பாசி சேர்த்தால் கடல் வாசம் இருந்த இடம் தெரியாது. இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் அரைத் தேக்கரண்டி சோம்பு பொரிந்ததும், நீளவாக்கில் அரிந்த இருபது சின்ன வெங்காயம், தட்டிய ஆறு பல் பூண்டு, ஓர் ஆர்க்குக் கறிவேப்பிலை சேர்த்து வெங்காயம் கண்ணாடிபோல் ஆகும்வரை வதக்குங்கள். சிட்டிகை மஞ்சள்தூளும், அப்போதே இடித்த மிளகு இரண்டு தேக்கரண்டியும் போட்டு, ஆளிகளைச் சேர்த்து, பெருந்தீயில் இரண்டு நிமிடம் புரட்டி இறக்கிவிடுங்கள். சதை ஏற்கெனவே வெந்ததுதான். மேலும் நேரம் கடந்தால் ரப்பர் போலாகிவிடும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்தபின் போடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. முதல் ஆளியை மசாலாவில் சேர்க்கும் முன்பே வீட்டில் ஆளுக்கொன்று வெறுமனே மென்று பார்த்தால், தூத்துக்குடித் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். வடிகட்டிய நீரைக் கொட்டிவிடாதீர்கள்: அதில் கொஞ்சம் புளியைக் கரைத்து, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, நண்டு ரசம் வைப்பதுபோலவே நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்கி, சூடான சோற்றில் ஊற்றிக்கொள்ளுங்கள்.